ஊருக்கு வந்தவர் கடன்

(பதுளையில் நடைபெற்ற வாலிபர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

உறவினரைக் கண்டு போகவென்று வந்த எம்மை, "ஜேர்மனி வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினோம். நாம் பெரும் படிப்புப் படித்தவரல்லர், மேடையேறிப் பழகியவருமல்லர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, தோட்டப் பாடசாலையிலும் பின்பு சிலகாலம் பதுளையிலும் படித்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நிய நாட்டிலே உழைத்துப் பிழைக்கும் சாதாரணக் குடும்பத்தினர். எனினும் இரவு படுத்திருந்து எண்ணிப் பார்த்தபோது, சொல்லவேண்டிய ஒன்று எம்மிடம் உண்டென்பது புலனாயிற்று. அதை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரிலே சொல்லியிருக்கவேண்டும் என்பதும் புலனாயிற்று. ஆகையால் இன்று இச்சபையிலே நிற்கின்றோம்.

அந்நிய நாடு செல்லுதல் நமக்குப் புதிய காரியமன்று. நாம் யாருடைய பேரப்பிள்ளைகள்? முதலிற் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களை அழைத்து வந்தவர் யாரோ வேற்றாளர் அல்லர். தோட்டத்துரைமார் கங்காணியின் கையிலே முற்பணம் கொடுத்து, அவர் பிறந்த கிராமத்துக்கே அவரை அனுப்பினார்கள். கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாகத் தம் இனசனத்தின் நடுவே போய் நின்றார். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் அகப்படும் என்று ஆசை காட்டினார்களாம். இக்கதையை இங்குள்ள முதியோர் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். சொன்னவர் சொந்தக்காரர், ஆகவே கேட்டவர் நம்பினார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வழிச்செலவும் முற்பணமும் வந்தவர் பேரிலே கடனாக ஏறியிருந்தன. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் பெயரவும் வழியில்லை. 1921ஆம் ஆண்டிலேதான் அந்தத் துண்டு முறை சட்டத்தினால் ஒழிந்தது.

இந்தப் பழங்கதையை ஏன் சொல்லுகின்றோம் என்பது பின்னே விளங்கும். இப்பொழுது எமது கதைக்கு வருவோம்.

எமது தந்தையாருடன் பிறந்தவர் மூவர். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. கணக்குப் பார்த்தவர்கள் ஆட்களை எண்ணினார்கள், குடும்பங்களை எண்ணவில்லை. பெரியப்பா தலைமன்னாரிலே கப்பலேறி நீலகிரிக்குப் போனார். சித்தப்பா 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டினார். அத்தை மட்டும் பிறந்த தோட்டத்திலேயே கொழுந்துக் கூடையோடு நின்றார். எமது தந்தையார் இலங்கைப் பிரசையாகப் பதிவு பெற்றிருந்தமையால், எமக்குக் கடவுச்சீட்டு எடுக்க வழி இருந்தது. 1983 ஜூலையிலே பதுளை நகரத்தில் நம்மவர் கடைகளும் வீடுகளும் எரிந்ததை இங்குள்ள பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு நாம் விமானமேறினோம்.

அந்நாளில் ஜேர்மனி இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தது. கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலிலே பிரீட்ரிக் தெரு நிலையத்தின் வழியாக மேற்குப் பேர்லினுக்குள் போய்விடலாம். பேர்லின் ஒரே நகரம் என்பது மேற்கத்தியர் கொள்கை. ஆதலால் அவர்கள் அவ்வெல்லையிலே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. ஈழத்துத் தமிழர் பல்லாயிரவர் உயிரைக் காக்க அவ்வழியே சென்றனர். 1985ஆம் ஆண்டிலே, மேற்கே செல்ல விசா இல்லாத இலங்கையரைக் கிழக்கு ஜேர்மனி தன் வழியே விடாது நிறுத்திக்கொண்டது. அன்று திறந்திருந்த அந்தக் கதவு அத்தோடு மூடியது என்பதை வாலிபர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

அடைக்கலம் கேட்டவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பினார்கள். எமக்கு வாய்த்தது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர்ப் பிரதேசம். அரசாங்கம் தந்த விடுதியிலே ஓர் அறைக்கு ஆறு பேர். சமைக்கவும் குளிக்கவும் பொது இடம். லயத்துக் காம்பராவை விட்டுக் கடல் கடந்து வந்து, இன்னொரு காம்பராவிலே குடியேறினோம். விண்ணப்பம் முடியும் வரை வேலை செய்ய அனுமதியில்லை. குறித்த பிரதேசத்தின் எல்லை தாண்டவும் அனுமதியில்லை. குளிர்காலத்திலே பின்னேரம் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நமுனுகுலை மலைக் குளிரை அறிந்த எமக்கு எந்தக் குளிரும் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தோம். ஒரு வார்த்தை பேச ஆளில்லாத இருட்டிலே வரும் குளிரை அங்கேதான் அறிந்தோம்.

பின்பு அனுமதி கிடைத்தது. உணவுச்சாலை ஒன்றின் பின்கட்டிலே கோப்பை கழுவும் வேலை. பின்னேரம் தொடங்கினால் நள்ளிரவு தாண்டும். எட்டு ஆண்டுகள் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் முன்னேதான் நின்றோம். உழைப்பு எதுவும் இழிவன்று. அந்த வேலையைப் பற்றி இன்று எமக்கு வெட்கமில்லை. அன்று வெட்கம் இருந்தது. அந்த வெட்கமே பின்பு ஒரு குடும்பத்தைக் கெடுத்தது.

1994ஆம் ஆண்டிலே முதன்முறையாக ஊருக்கு வந்தோம். பத்து வருடத்துப் பிரிவு. சொக்கலேற்றும் சேலையும் வாசனைத் திரவியமும் பெட்டி நிறைய இருந்தன. கழுத்திலே சங்கிலி, கையிலே புது மணிக்கூடு. பிரட்டுக்களத்திலிருந்து லயம் வரைக்கும் பிள்ளைகள் பின்னாலே வந்தார்கள். "என்ன உத்தியோகம்?" என்று கேட்டார்கள். "ஹோட்டலில் உத்தியோகம்" என்றோம். அது பொய்யுமன்று, மெய்யுமன்று. கார் ஒன்றின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டினோம். கார் எம்முடையதா என்று எவரும் கேட்கவில்லை. எம்முடையதன்று என்று நாமும் சொல்லவில்லை. சங்கிலிக்குரிய பணத்தில் பாதி கடன் என்பதையும் சொல்லவில்லை.

அத்தையின் மகன், எமது மச்சான், அந்தப் படத்தை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் திரும்பிப் போன சில மாதங்களிலே ஒரு முகவரைப் பிடித்தார். அத்தை முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்தெடுத்து, ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதிப் பணம் போயிற்று. காதிலும் கழுத்திலும் இருந்தவை அடகுக் கடைக்குப் போயின. மேலும் வட்டிக்கு வாங்கினார்கள். மச்சான் ஜேர்மனிக்கு வந்து சேரவேயில்லை. இடையிலே ஒரு நாட்டில் ஏழு மாதம் பூட்டிய வீட்டிலே பதினைந்து பேரோடு கிடந்து, பிடிபட்டு, உடுத்த துணியோடு கட்டுநாயக்காவிலே வந்து இறங்கினார். அந்தக் கடனைக் கட்டி முடிக்கப் பதினொரு வருடம் சென்றது. அவர் தங்கையின் படிப்பும் அக்கடனோடு போயிற்று.

நாம் முகவரை அனுப்பவில்லை, போகச் சொல்லவுமில்லை. ஆயினும் கோட்டும் தலைப்பாகையுமாய்க் கிராமத்திலே போய் நின்ற அந்தக் கங்காணிக்கும், சங்கிலியும் மணிக்கூடுமாய் லயத்து வாசலில் வந்து நின்ற எமக்கும் என்ன வேற்றுமை? அவர் தேங்காயும் மாசியும் என்று வாயாற் சொன்னார். நாம் வாய் திறவாமலே சொன்னோம். இரண்டிலும் சொந்தக்காரர் என்பதாலேதான் நம்பினார்கள்.

அன்பர்களே, இனி, அங்கே வேரூன்றுவது எப்படி என்று சொல்லுகின்றோம். எம்மை அந்நாட்டிலே நிலைநிறுத்தியது பணமன்று, மொழியாகும். எமது இல்லாள் 1995இல் வந்தார். வந்த மூன்றாம் மாதமே நகரத்து மாலை வகுப்பிலே டொச் மொழி படிக்கச் சேர்ந்தார். பத்து வருடமாக அந்நாட்டில் இருந்த எமக்கு அதுவரை கடையிலும் சமையற்கட்டிலும் பேசும் ஐம்பது சொல்லே தெரியும். மனைவியோடு சேர்ந்து அதே வகுப்பிலே போய் உட்கார்ந்தோம். கடிதம் வந்தால் பிறரிடம் கொண்டு ஓடாமல் நாமே வாசிக்கத் தொடங்கிய நாளையே நாம் அங்கே குடியேறிய நாளாகக் கொள்ளுகின்றோம். அங்கே எல்லாம் கடிதத்திலேதான் நடக்கும். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்திலே பதிய வேண்டும். பாடசாலை, மருத்துவக் காப்புறுதி, வரி, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் கடிதமும் தவணையும் உண்டு. தவணை தவறினால் மன்னிப்பதற்குத் தெரிந்த கணக்கப்பிள்ளை எவரும் இல்லை. மொழி வந்தபின் எமக்குத் தொழிற்சாலையிலே இயந்திரம் இயக்கும் வேலை கிடைத்தது. எமது இல்லாள் முதியோர் இல்லத்திலே உதவியாளரானார்.

இரண்டாவது, அயலாரோடு ஒழுகும் முறை. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், அன்று ஓய்வுநாள். குப்பையைக்கூட இனம் பிரித்தே போடவேண்டும். தொடக்கத்திலே இவை எமக்குச் சிறையாகத் தோன்றின. பின்பு, எமது ஓய்வையும் அயலார் அவ்வாறே மதிக்கின்றார்கள் என்று கண்டோம். இதற்கு ஹம் நகரத்து ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயமே நல்ல உதாரணம். சிறிய இடமொன்றிலே தொடங்கிய அக்கோயிலின் திருவிழாவுக்குக் கூட்டம் பெருகியபோது, குடியிருப்பின் நடுவே நெரிசலும் முறைப்பாடும் உண்டாயின. நம்மவர் சண்டைக்குப் போகவில்லை. நகரசபையோடு பேசி, ஊரின் ஓரத்துத் தொழிற்பேட்டைப் பகுதியிலே நிலம் பெற்றுக் கோபுரத்தோடு கோயில் எழுப்பினர். 2002 ஜூலையிலே குடமுழுக்கு நடந்தது. இன்று தேர்த்திருவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரவர் வருகின்றனர். அருகிலுள்ள கப்பற் கால்வாயிலே தீர்த்தமாடுகின்றனர். ஜேர்மானியரும் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்க்கின்றனர். தேர் இழுக்கும்போது கண்ணை மூடினால் பதுளைத் தெருவிலே நிற்பதுபோல இருக்கும்.

மூன்றாவது, பிள்ளைகள். எமது மகளுக்கு எட்டு வயதானபோது இங்கே அழைத்து வந்தோம். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு ஏதேதோ கேட்டார். பிள்ளை எம்முடைய முகத்தைப் பார்த்தது. அதற்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாம் நடுவிலே நின்று மொழிபெயர்த்தோம். சொந்த இரத்தத்துக்கு நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பது என்ன வேதனை என்பதை அநுபவித்தவரே அறிவர். திரும்பியதும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலே சேர்த்தோம். குளிரிலும் மழையிலும் எட்டு வருடம் கொண்டுபோய் விட்டோம். இம்முறை அவளும் வந்திருக்கின்றாள். 86 வயதான அத்தையோடு திண்ணையிலே உட்கார்ந்து, அந்தக் காலத்துப் பிரட்டையும் காமன் கூத்தையும் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுகின்றாள். எமது உழைப்பிலே வீண்போகாதது இதுவொன்றென்று எண்ணுகின்றோம்.

இனி இன்றைய காரியம். இம்முறை வந்த இரண்டாம் நாள் மச்சானின் மகன் எம்மிடம் வந்தான். இருபத்திரண்டு வயது, உயர்தரம் படித்தவன். "மாமா, ஜேர்மனிக்கு எப்படி வர்றது?" என்று கேட்டான். கையிலே ஒரு கடதாசியில் கணக்கு எழுதி வைத்திருந்தான். 2025இல் ஜேர்மனியிலே ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.82 யூரோ, அதை நம் காசாக்கினால் ஏறக்குறைய 4,000 ரூபா. தோட்டத்திலே நாள் முழுவதும் மலையேறி இறங்கினால் 1,000 ரூபா கிடைப்பதற்கே 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது. அவன் கணக்குப் பிழையன்று. ஆனால் அது பாதிக் கணக்கு.

மிகுதிப் பாதியை அன்றுதான் சொன்னோம். தனியாள் ஒருவரின் சம்பளத்திலே கைக்கு வருமுன்பே கால் பங்குக்கு மேல் வரிக்கும் காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் போகும். மிஞ்சியதில் பெரும் பகுதியை வீட்டு வாடகை கொண்டுபோகும். அதன்பின் குளிர்காலச் சூடேற்றும் செலவு, மின்சாரம், போக்குவரத்து, சாப்பாடு. யூரோவிலே சம்பாதிப்பவன் யூரோவிலேதான் செலவழிக்கிறான். கோப்பை கழுவிய கதையையும் காரின் கதையையும் சொன்னோம். மச்சான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பின்பு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அய்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எமக்கு இலேசாக இருந்திருக்கும்.

வாலிப அன்பர்களே, "போகவேண்டாம்" என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. போய் வாழ்ந்தவர் போகாதே என்பது நியாயமாகாது. போவதானால் எப்படிப் போவது என்பதையே சொல்லுகின்றோம். நமது முன்னோர் கடனைத் தலையிலே சுமந்துகொண்டு புறப்பட்டார்கள். நீங்கள் ஒரு தொழிலையும் ஒரு மொழியையும் சுமந்துகொண்டு புறப்படுங்கள். அவற்றை எவரும் வழியிலே பறிக்க முடியாது.

ஜேர்மனியிலே தொழிற்பயிற்சி முறை ஒன்று உண்டு. வாரத்திலே சில நாள் தொழிற் பாடசாலை, மற்ற நாள் தொழிலகம். தொழிலைப் பொறுத்து 2 முதல் 3½ ஆண்டு. பயிலும்போதே மாதப் பணமும் உண்டு. நோயாளர் பராமரிப்புத் தொழிலுக்கு முழுநேரப் பயிற்சி 3 ஆண்டு. இவற்றிலே சேரப் பெரும்பாலும் டொச் மொழியின் ஆறு படிகளுள் மூன்றாம் படியாவது தேறியிருக்க வேண்டும். கணவனிடமோ மனைவியிடமோ போகின்றவருக்குக்கூட, சில விலக்குகள் தவிர, 2007 முதல் முதலாம் படி வேண்டியிருக்கின்றது. கொழும்பிலே கோதே நிறுவனம் இம்மொழியைக் கற்பித்துப் பரீட்சையும் நடத்துகின்றது.

பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்புவோர் ஒன்றை அறியவேண்டும். அங்கே அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. இதை மட்டும் சொல்லி ஆள் பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு வருடம் வாழ்வதற்குரிய பணம் கையிலே உண்டென்று விசாவுக்குக் காட்டவேண்டும். 2024 செப்டெம்பரிலே அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. அங்கேயே நிலையாகத் தங்கிய ஒருவர் குடியுரிமை கேட்பதற்கு முன்பு 8 ஆண்டு செல்லும். 2024 ஜூன் முதல் அது 5 ஆண்டு. இலங்கைக் குடியுரிமையை விடும்படியும் இப்போது ஜேர்மனி கேட்பதில்லை. இவையெல்லாம் நேர்வழியிலே சென்று, மொழியறிந்து, உழைத்து வாழ்பவருக்கே பயன்படும்.

முகவர் ஒருவர் வந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவரிடம் உண்டா என்று கேளுங்கள். காட்டினாலும், அது மெய்யானதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அப்பணியகம் இதற்காகவும் இருக்கின்றது. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடாதீர்கள். "மொழி தேவையில்லை, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் எவராயினும், அவர் உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும், அந்த இடத்திலேயே பேச்சை முடித்து எழும்பிவிடுங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் "என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்குமுன் "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் உண்மை சொல்லுவதற்கு வீட்டிலே ஓர் இடம் வேண்டும். கோப்பை கழுவுகிறேன் என்று மகன் சொன்னால் தாய் தலைகுனியமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தால், அவன் பக்கத்து வீட்டுக்காரனின் கார் அருகே நின்று படம் பிடிக்கமாட்டான்.

எம்மைப்போல வந்து போகின்றவர்களுக்கும் ஒரு சொல். ஊருக்கு வருபவர் கொண்டுவரவேண்டியது பெட்டி நிறைந்த பொருளன்று. பட்ட பாட்டை உள்ளபடி சொல்லுவது நமது கடன். அந்தக் கடனை நாம் கட்டாமல் விட்டால், நமது உறவினர் அதை வட்டியோடு வேறெங்கோ கட்டவேண்டி வரும்.

மருமகன் இன்று இந்தச் சபையிலே கடைசி வரிசையில் இருக்கின்றான். இந்த மாத முடிவுக்குள் முற்பணம் வேண்டுமென்று ஒரு முகவர் அவனைக் கேட்டிருக்கின்றார்; தாயின் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடையிலே இருக்கின்றது. அதை மீட்டு, அவன் கொழும்பிலே தங்கி ஒரு வருடம் மொழி படிக்கும் செலவை நாம் ஏற்பதாகச் சொல்லியிருக்கின்றோம். அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒரு வருடம் என்பது இருபத்திரண்டு வயதிலே நீண்ட காலம். அது எமக்குத் தெரியும். அவனுடைய தந்தை தம் கடனைக் கட்டப் பதினொரு வருடம் சென்றது என்பதை மட்டும் அவன் எண்ணிப் பார்ப்பானாக.

இச்சங்கம் மேலும் பல்லாண்டு வளர்ந்து, வாலிபர்களுக்கு நல்வழி காட்டுவதாக.